மாமரத்தடியில் கறுப்பு பியர்: யாழ்ப்பாணப் பயணக் குறிப்புகள்

ஜூலை 8, 2025, செவ்வாய்

பலாலி விமான நிலையத்திலிருந்து கொக்குவில் வந்து சேரும்வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று ஆட்டோவுக்குள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டே இருந்தது. வெயில் சென்னை வெயில்தான். ஆனால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கிறது.

தங்கியிருப்பது கூட வந்திருக்கும் நண்பனின் மாமா வீட்டில். மாமா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று நண்பன் முன்பே சொல்லி வைத்திருந்தான். ஸ்டவுட் என்கிற இலங்கைக் கறுப்பு பியர் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டோடு எப்படிச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கடைகளில் கறுப்பு பியர் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் தொட்டுக்கொள்ள மிக்சரும் வறுத்த கடலையும்தான். நல்ல சாப்பாட்டோடு உட்கார்ந்து குடிக்க வேண்டிய பானத்துக்கு இது அநியாயம் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

மாமி ஒரு நிபந்தனை போட்டார். "வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ தம்பி, சாமியறை இருக்கு. கிணத்தடியில மாமரத்துக்குக் கீழ இருந்து குடியுங்கோ. சாப்பாட்டை நான் அங்க கொண்டு வந்து தாறன்." நிழல், காற்று, கை கழுவக் கிணற்றுத் தண்ணீர், அதற்கு மேல் மாமியின் கைப்பக்குவம். இப்படி ஓர் இடம் எந்த ஹோட்டலில் கிடைக்கும்?

சாயங்காலம் டவுனுக்குப் போய் லயன் ஸ்டவுட் வாங்கினோம். 625 மில்லி போத்தல், ஆல்கஹால் 8.8 சதவீதம், விலை 700 ரூபாயை ஒட்டி. நம் பணத்துக்கு 200 ரூபாய் வரும். கடைக்காரர் ஐஸ் போல இருந்த போத்தலை எடுத்துத் துடைத்து, பேப்பரில் சுற்றி, "கவனமாக் குடியுங்கோ அண்ணை, இது லாகர் இல்லை" என்று சொல்லிக் கொடுத்தார். லாகர் என்றால் நாம் வழக்கமாகக் குடிக்கும் வெளிர் நிற பியர்.

மாமா போத்தலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தார். உடனே கணக்கில் இறங்கிவிட்டார். "625-இல 8.8 வீதம். 55 மில்லி சுத்தமான ஆல்கஹால். சாராயம் 33.5 வீதம் எண்டால் இந்த ஒரு போத்தல் 164 மில்லி சாராயத்துக்குச் சமன். ரெண்டு பேர் பங்கு போடுங்கோ." நியாயமான கணக்கு. அன்று முதல் ஒரு போத்தலை மூன்று கிளாசில்தான் ஊற்றினோம். மூன்றாவது கிளாஸ் மாமாவுக்கு, கால்வாசி.

கடைக் குளிரோடு குடித்தால் ஸ்டவுட்டில் பாதி தெரியாது. லேசான கசப்பும் சில்லிப்பும் மட்டும் நாக்கில் நிற்கும். மரத்தடியில் கொஞ்ச நேரம் விட்டு, 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை ஏறியதும் ஊற்ற வேண்டும். இந்த வெக்கைக்கு அது சீக்கிரமே ஏறிவிடுகிறது. முதலில் மூக்குக்குக் காப்பித்தூளும் கோகோவும் வருகின்றன. வாயில் வைத்ததும் வெல்லப்பாகு, உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம். கடைசியில் கருகல் கசப்பு கொஞ்சம் தங்குகிறது. நுரை மங்கிய பழுப்பு நிறம், சட்டென்று அமுங்காது. 8.8 என்பது தொண்டையில் தெரியாது, எழுந்து நின்றால்தான் தெரியும்.

அயர்லாந்து ஸ்டவுட் குடித்துப் பழகியவர்களுக்கு இது இனிப்பாகப் படலாம். அது குறையல்ல, இந்த வகையின் குணமே அதுதான். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்றொரு கறுப்பு பியர் இருந்தது. அதில் வீரியமானதுதான் ஸ்டவுட். சூடான தேசங்களுக்குக் கப்பலில் அனுப்பியதை இன்னும் வீரியமாகக் காய்ச்சினார்கள். அயர்லாந்தின் கின்னஸ் கம்பெனி மேற்கிந்தியத் தீவுகளுக்கான போர்ட்டரை 1801-இலேயே தன் குறிப்பேட்டில் பதிந்து வைத்திருக்கிறது. பிறகு அந்தந்த ஊர்களிலேயே காய்ச்சத் தொடங்கியபோது இனிப்பும் பழவாசனையும் கூடிய ஒரு தனி வகை உருவானது. ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டும் இலங்கையின் லயனும் அந்த வகைதான். டிராப்பிகல் ஸ்டவுட் என்று பியர் போட்டிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு.

தொட்டுக்கொள்ள வழியில் வாங்கி வந்த ஆட்டிறைச்சி றோல்ஸ், ஒன்று 150 ரூபாய். பொரித்த ரொட்டித்தூள் மேலோடு ஸ்டவுட்டுக்கு அருமையாகச் சேர்ந்தது. உள்ளேயிருந்த உருளைக்கிழங்கில் பச்சை மிளகாய் அதிகம். ஒரு வாய் பியர் குடித்ததும் உறைப்பு குறையவில்லை, ஏறியது. மிளகாய் எரிச்சலை உணரும் அதே நரம்புகளை ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது, பியரின் வாயுவும் கூடச் சேர்ந்து குத்துகிறது. இனிப்பு கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. இதை மனதில் வைத்துத்தான் மீதி நாள்களின் சாப்பாட்டை யோசிக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

காலையில் பாசையூர் மீன் சந்தை. ஏலம் முடிகிற நேரத்துக்குப் போய்விட்டோம். நீலக்கால் நண்டு கிலோ 1,800 ரூபாய், இறால் அதற்கும் மேல். பெரிய நண்டெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடுகிறதாம். ஒரு மீன்கார அம்மா நான் எடுத்து வைத்த நண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது தண்ணி நண்டு தம்பி, சதை இராது" என்று வேறொன்றை மாற்றிப் போட்டார். நான் கேட்கவே இல்லை. மாற்றியதற்குக் காசும் கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமி மிளகாய்த்தூளுக்கு வறுத்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்ச் சமையல் முழுக்க இந்தத் தூளின் மேல் நிற்கிறது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாகத் தாச்சியில் வறுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதம். மல்லி பொன்னிறம் தாண்டி மண்ணிறம் ஆனதும் இறக்கினார். வெந்தயத்துக்கு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. "கறுக்க விடக்கூடாது. கருகினால் கைக்கும், பேந்து கறி முழுக்கக் கைக்கும்" என்றார், கரண்டியை நிறுத்தாமலே. கறிவேப்பிலை மொறுமொறுவென்று ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் உடனே அகலமான சுளகில் பரப்பினார். தாச்சிச் சூட்டிலேயே விட்டால் அது தானாகவே கருகிவிடுமாம்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஸ்டவுட்டின் கதையும் இதேதான். டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் 1817-இல் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளை போன்ற ஒன்றில் மால்ட்டை, அதாவது பியருக்காக முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வறுத்துக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் மால்ட்டை நெருப்புக்கு நேராகக் காயவைத்து நிறமேற்றினார்கள். சில இடத்தில் கருகும், சில இடத்தில் வெளுத்திருக்கும். வீலரின் உருளையில் 200 பாகைக்கு மேல் சூடேற்றி, சரியான கணத்தில் தண்ணீர் தெளித்து நிறுத்தினால் ஒரே சீரான கறுப்பு கிடைத்தது. கொஞ்சம் கறுப்பு மால்ட் போதும், ஒரு தொட்டி பியர் முழுக்கக் கறுத்துவிடும். பதம் பார்த்து நிறுத்துவதுதான் இரண்டு இடத்திலும் தொழில். மாமி அதைக் கண்ணாலும் மூக்காலும் செய்கிறார்.

மத்தியானம் ஒடியல் கூழ். நண்டு, இறால், கணவாய், மீன் தலை, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் போட்டு, ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மாவு) கரைத்து, புளியும் மிளகாயும் தாராளமாக விட்டுக் காய்ச்சியது. பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தோம். வேர்த்துக் கொட்டியது. கூழுக்காகவே இந்த ஊருக்கு இன்னொரு முறை வரலாம். ஆனால் ஸ்டவுட்டோடு அது ஒத்துப்போகவே இல்லை. வறுத்த தானியத்துக்கு என்று ஒரு புளிப்பு உண்டு. பழப்புளி அதோடு சேர்ந்ததும் பியர் வாயில் சாம்பல் மாதிரி ஆனது. பியரின் இனிப்பும் காணாமல் போய்விட்டது. கிளாசை ஓரமாக வைத்துவிட்டுக் கூழை மட்டும் இரண்டாவது பிளா வாங்கினேன்.

சாயங்காலம்தான் நான் தேடி வந்த சேர்க்கை அமைந்தது. இறால் பொரியல். ஓட்டை உரித்து, புதிதாக இடித்த தூள், உப்பு, மஞ்சள் மட்டும் பிரட்டி, நல்லெண்ணெயில் வெங்காயமும் கறிவேப்பிலையும் சிவந்ததும் போட்டு, தண்ணீர் வற்றி ஓரம் மொறுகும்வரை விட்டது. புளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. ஒரு இறாலைக் கடித்து, தூளின் வறுத்த வாசனை வாயில் இருக்கும்போதே ஒரு மிடறு. மல்லியின் கருகல் எங்கே முடிகிறது, மால்ட்டின் கருகல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. இறாலின் இனிப்பைப் பியரின் இனிப்பு தூக்கிக் கொடுத்தது, உப்பு கசப்பை அடக்கிவிட்டது. ஒரு காலத்தில் லண்டனில் சிப்பியும் ஸ்டவுட்டும் சாமானியரின் சாப்பாடு. கடல் உப்புக்கும் கறுப்பு பியருக்கும் உள்ள பொருத்தம் அப்போதே தெரிந்த சங்கதி. ஆனால் அவர்கள் சிப்பியைப் பச்சையாகச் சாப்பிட்டார்கள். அவர்களிடம் இந்தத் தூள் இல்லை.

நண்டுக் கறி அடுத்த படி. முருங்கையிலை போட்டு இறக்கிய குழம்பு, பெருஞ்சீரக வாசனை தூக்கல். பியர் அதற்கும் நன்றாகவே நின்றது. நண்டை உடைத்து உறிஞ்சும் வேலையில் கையும் கிளாசும் ஒட்டிக்கொண்டதுதான் தொல்லை. மாமி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

இரவு டவுனில் மதுக்கடை வாசலில் பெரிய கூட்டம். மறுநாள் போயா. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மது விற்பனை கிடையாது, அதனால் முதல் நாள் இரவே ஆள்கள் முண்டியடிக்கிறார்கள். வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் நான் ஸ்டவுட் கேட்டதைக் கவனித்துவிட்டு, "அந்தக் காலத்தில உதை மருந்து எண்டு சொல்லிக் குடிப்பினம்" என்றார். "கின்னஸ் உங்களுக்கு நல்லது" என்று 1929 முதல் விளம்பரமே செய்தார்கள். அந்தப் பேச்சு இந்த வரிசை வரை வந்து சேர்ந்திருக்கிறது. மருந்தெல்லாம் இல்லை, ருசிக்குக் குடித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன், போயா

போத்தல் கையில் இருந்தும் மாமி வீட்டில் பௌர்ணமி விரதம். மரத்தடியும் இன்றைக்குக் கிடையாது. நெடுந்தீவு போனோம்.

குறிகட்டுவானிலிருந்து படகு கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சோளகம் வேலையைக் காட்டியது. அலை பக்கவாட்டில் அடித்து ஜன்னல் வழியாக உள்ளே கொட்டியது. என் பையும் நண்பனின் செல்போனும் நனைந்து, போன் சாயங்காலம் வரை உயிர் பெறவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அக்கா தன் மடியிலிருந்து தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, எடுத்து நகத்தால் கீறி, "மணந்து கொண்டு இருங்கோ, சத்தி வராது" என்று கையில் வைத்தார். வரவில்லை. ஆனால் தீவில் இறங்கி பவளக்கல் வேலிகளும் பெருக்கு (பாவோபாப்) மரமும் குதிரைகளும் பார்த்து முடிக்கும்வரை தலை ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஒரு சின்னக் கடையில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். திரும்பும் படகு நேரம் தள்ளிப்போய் வெயிலில் காத்திருந்தோம். எழுத இன்று வேறொன்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

பியர் குடிக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் மச்சம் இல்லை, அதாவது மீனும் இறைச்சியும் கிடையாது. ஒரு நாள் பியர் இல்லாமல் போயிற்று, மறுநாள் மீன் இல்லாமல் போயிற்று. நான் முகம் சுருங்கியதை மாமி பார்த்திருக்க வேண்டும். "பொறுங்கோ, கத்தரிக்காய் இருக்கு" என்றார்.

கத்தரிக்காயை நீளமாக வெட்டி எண்ணெயில் கரும்பழுப்பாகப் பொரித்து, அதே வறுத்த தூளும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு வற்ற வைத்த பொரிச்ச குழம்பு. புளி பெயருக்குத்தான். புதன்கிழமை நண்டை விட இது ஸ்டவுட்டோடு நன்றாகச் சேர்ந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. பொரிந்த தோலின் கசப்பு, தேங்காய்ப்பாலின் கொழுப்பு, மால்ட்டின் இனிப்பு மூன்றும் நேராக ஒன்றில் ஒன்று உட்கார்ந்தன. பால் உறைப்பையும் பிடித்து வைத்துக்கொண்டது. கறுப்பு பியர் என்றாலே இறைச்சிதான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பனங்கட்டி. ஓலைக் குட்டானில் கட்டி விற்கிறார்கள். ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஸ்டவுட் குடித்தால், நாக்கில் இருக்கும் உப்பும் புகையும் கலந்த இனிப்பு பியருக்குள் ஏற்கெனவே இருந்த பாகைக் கூட்டிவிடுகிறது. கசப்பு கொஞ்சம் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அளவு கடந்தால் திகட்டும், கொட்டைப்பாக்கு அளவு போதும். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும் கொஞ்சம் மென்று பார்த்தேன். பல்லுக்கு நல்ல வேலை, பியருக்கு நல்ல துணை.

சாயங்காலம் மாமா தன் பானத்தைக் காட்ட வேண்டும் என்று தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, கூட்டிப் போனார். பனங்கள்ளு, ஸ்டவுட் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இளம் புளிப்பும் நுரையுமாக, சோளகக் காற்றுக்கு அவ்வளவு இதம். காலையில் இறக்கியது மாலைக்குள் இன்னும் புளித்து வேறு ஆளாகிவிடுகிறது. புதன்கிழமைக் கூழை இதோடு குடித்திருந்தால் கூழும் ஜெயித்திருக்கும், கள்ளும் ஜெயித்திருக்கும். ஒவ்வொரு பானத்துக்கும் அதன் சாப்பாடு என்று மாமா சொன்னது சரி.

அங்கே பேச்சு லயன் பக்கம் திரும்பியது. அந்த மதுவடிசாலை நுவரெலியாவில் 1849-இல் சாமுவேல் பேக்கர் தொடங்கியது. பின்னால் நைல் நதியின் ஊற்றைத் தேடிப்போய் ஆல்பர்ட் ஏரியைக் கண்ட அதே பேக்கர். இப்போது காய்ச்சுவது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில். 2016 வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி, மாதக்கணக்கில் பியர் வராமல் போனது மாமாவுக்கு நினைவிருந்தது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர் இலங்கைக்கே வந்து இந்த ஸ்டவுட்டைக் குடித்து எழுதிய பிறகுதான் வெளிநாடுகளில் இதன் பெயர் பரவியது என்று நான் சொன்னேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர், "பாட்டுக்காரனோ?" என்று கேட்டார். இல்லை, இவர் வேறு ஆள், 2007-இல் காலமானவர் என்றேன். அவர் அதற்கும் வருத்தப்பட்டார்.

ஜூலை 12, சனி

ஆட்டிறைச்சி கிலோ 3,600 ரூபாய். எலும்போடு வாங்கி வந்து மாமி பிரட்டல் செய்தார். முதலில் தன் தண்ணீரிலேயே வேகவிட்டு, பிறகு வறுத்த தூள், பட்டை, ஏலக்காய், கராம்பு, வாசனைக்கு ரம்பை இலை. வற்றி எண்ணெய் தெளிந்த பிறகும் இறக்காமல், அடி லேசாகப் பிடிக்கும்வரை கிளறினார். கூடவே குரக்கன் (கேழ்வரகு) மா கலந்த பிட்டு.

இந்தக் கறி உறைப்பில் றோல்ஸைத் தாண்டியது. ஆனாலும் பியர் அதை ஏற்றிவிடவில்லை. பிட்டும் ஆட்டுக் கொழுப்பும் நடுவில் நின்று எரிச்சலை வாங்கிக்கொண்டன என்று நினைக்கிறேன். கராம்பும் ஏலக்காயும் ஸ்டவுட்டின் திராட்சை வாசனையை வெளியே இழுத்தன. அடிப்பிடித்த பகுதியைச் சுரண்டி எடுத்து அதோடு ஒரு மிடறு, அது தனி. குரக்கன் பிட்டுக்கே ஒரு மண் வாசனை இருக்கிறது. வெள்ளை மாப் பிட்டில் அது கிடைக்காது. இறைச்சி இல்லாமல் பிட்டையும் பியரையும் மட்டும் சேர்த்துப் பார்த்தேன், அதுவே நன்றாக இருந்தது.

மத்தியானம் நல்லூரில் ஐஸ்கிரீம் கடைகளில் ஒரே நெருக்கடி. இம்மாதக் கடைசியில் நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றம். அது தொடங்கினால் பல வீடுகளில் திருவிழா முடியும்வரை மச்சம் கிடையாது, அதற்குள் சாப்பிட்டுக்கொள்ளுங்கோ என்று மாமி ஏற்கெனவே எச்சரித்திருந்தார். வனிலா ஐஸ்கிரீம் ஒரு டப்பா வாங்கி ஸ்கூட்டரில் பறந்தோம். வீடு வருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. பரவாயில்லை. கிளாசில் ஒரு கரண்டி போட்டு மேலே ஸ்டவுட்டை மெதுவாக ஊற்றினால் பால் கொழுப்பும் கருகல் கசப்பும் சேர்ந்து நல்ல பால் காப்பியின் சுவைக்குப் பக்கத்தில் வருகிறது. இனிப்பு அதிகம்தான், சாப்பாடு முடிந்து நாலு கரண்டி சாப்பிடலாம். மாமி ஐஸ்கிரீமை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசிக் கிளாசில் மாமாவிடம் தீர்ப்புக் கேட்டேன். எல்லாவற்றிலும் கால் கிளாஸ் குடித்துப் பார்த்தவர் அவர்தான். "ஆடு. சந்தேகமே இல்லை" என்றார். நான் இறால் என்றேன். இறாலில் தூளும் பியரும் நேருக்கு நேர் பேசுகின்றன, ஆட்டில் வாசனைத் திரவியங்கள் நடுவில் புகுந்துவிடுகின்றன என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இறால் கள்ளுக்கு விடுங்கோ தம்பி. உந்தக் கறுப்பு பியருக்கு எலும்பு வேணும்." நண்பன் கத்தரிக்காய் என்றான். மாமி அடுக்களை ஜன்னலிலிருந்து, நாளைக்கு விமானத்துக்குப் போகும்போது தூள் ஒரு கிலோ கட்டித் தருவதாகவும், அங்கே போய் மூன்றையும் சமைத்துப் பார்த்துவிட்டுச் சண்டை பிடிக்கும்படியும் சொன்னார்.